அவித்துக் குடிப்பதும் ஓதிக் குடிப்பதும்: யாழ்ப்பாணத்துக் கைமருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடிமன் பிடித்தால் மல்லி அவிப்பதும், பிள்ளை காரணமில்லாமல் சிணுங்கினால் நாவூறு கழிப்பதும் எங்கள் வீடுகளில் ஒரே ஆளின் வேலை. அநேகமாக அம்மம்மாவின் வேலை. அதனால் இதைப் பற்றி வரும் கேள்விகளும் கலந்துதான் வருகின்றன. பதில்களையும் பிரிக்காமல் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையைச் சுற்றிப் போடுவது, கையில் நூல் கட்டுவது, நெற்றியில் திருநீறு பூசுவது எதிலும் எனக்குத் தகராறு இல்லை. தொண்டைக்குள் இறங்குவது எதுவானாலும், ஓதியதோ ஓதாததோ, அதை மருந்தாகவே எடைபோட வேண்டும்.

தடிமனுக்கு மல்லி எப்படி அவிப்பது? வீட்டுக்கு வீடு ஒரு கணக்குச் சொல்கிறார்களே?

சொல்லத்தான் செய்வார்கள். நான் அவிப்பது இப்படி: இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வெறும் தாச்சியில் மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுங்கள். கருகினால் கைக்கும். சின்னத் துண்டு வேர்க்கொம்பைத் தட்டி, ஐந்தாறு மிளகை அரைகுறையாக இடித்து, மல்லியோடு நான்கு தம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு தம்ளராக வற்றவிடுங்கள். வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூட்டோடு குடிப்பது. வேர்க்கொம்பு இல்லாவிட்டால் பச்சை இஞ்சி போதும். உள்ளியும் நற்சீரகமும் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது ரசத்துக்குப் பக்கத்தில் போய்விடுவதாகத் தோன்றும், பிடித்தவர்கள் சேர்க்கலாம்.

துளசியும் கற்பூரவள்ளியும் போடுவதானால் அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டு மூடிவையுங்கள். அவற்றின் குணம் மணத்தில்தான் இருக்கிறது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது ஆவியோடு போய்விடும்.

தெற்கில் இதே வேலைக்குப் பஸ்பங்குவ என்று ஐந்து சரக்கு சேர்ந்த பொட்டலம் விற்கிறார்கள்: மல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள். இப்போது யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. மரமஞ்சள் சேர்வதால் கைப்புக் கூட.

அது உண்மையில் தடிமனை மாற்றுகிறதா?

தடிமன் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே மாறும். மல்லித்தண்ணி அந்த நாள்களைக் குறைக்கும் என்று சொல்ல நல்ல ஆதாரம் எதுவும் நான் கண்டதில்லை. ஆனால் சூடான நீர் தொண்டைக்கு இதம். ஆவி மூக்கடைப்பை இளக்கும். இஞ்சி குமட்டலைக் குறைப்பது சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். அதோடு, வேலைக்கு ஓடுகிற ஆளை ஒரு மூலையில் இருத்தி, போர்வையைப் போர்த்தி, கையில் பேணியைக் கொடுப்பதற்கும் ஒரு பலன் இருக்கிறது. அதைக் குளிசை கொடுக்காது.

“எட்டொன்றாய் வற்றக் காய்ச்சு” என்று பரியாரியார் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதே கணக்கா?

இல்லை. வேர், பட்டை, காய்ந்த தண்டு போன்ற வலிய சரக்குகளுக்குத்தான் அந்தக் கணக்கு: எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வரும்வரை காய்ச்சுவது. பூவுக்கும் இளம் இலைக்கும் கொதிநீர் ஊற்றி மூடிவைத்தாலே போதும்.

யாழ்ப்பாணத்தில் இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் உரம் நேரே கீழே இறங்கிக் கிணற்றில் சேர்கிறது. வலிகாமத்துத் தோட்டப் பக்கக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றுக் கூடுதலாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்ததே. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். எட்டுத் தம்ளரை ஒன்றாக்கினால் எட்டுத் தம்ளரில் இருந்ததும் அந்த ஒரு தம்ளரில்தான் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு இடைக்கிடை ஒரு தம்ளர் பெரிய விஷயமில்லை. ஆனால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவுவதை நைத்திரேற்றுக் கெடுக்கும். தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் குழந்தைக்கு எதையும் வற்றக் காய்ச்ச வேண்டாம்.

மூக்குப்பேணியில் குடித்தால் குணம் கூடுமா?

கூடாது. ஆனால் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம். வீட்டில் ஒருவருக்குத் தடிமன் என்றால் அதுவே பெரிய உபகாரம். பித்தளைப் பேணிக்குள் தேசிக்காய்ப்புளி விட்ட எதையும் ஊற்றாதீர்கள். புளி உலோகத்தைக் கரைக்கும். காய்ச்சுவதற்கு மண்சட்டி அல்லது எவர்சில்வர் நல்லது.

இருமலுக்கு ஆடாதோடை போடலாமா? வேலியோரம் நிறைய நிற்கிறது.

கைமருந்துகளில் மருந்துக்கடைவரை போய்ச் சேர்ந்த செடி இது. இதில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. இரண்டு மூன்று இலையை நறுக்கி, மிளகோடு அவித்து, தேன் சேர்த்துக் குடிப்பது வழக்கம். கைப்பு நாக்கிலே ஒட்டிக்கொள்ளும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இதற்கு உண்டு. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தேன் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கைப்பைக் குறைக்க அதிமதுரம் போடுவார்கள். பிறசர் உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து குடித்தால் பிறசர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை மூச்சு வாங்கினால் இலை தேடி வேலிக்குப் போக வேண்டாம்.

வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம்?

வயிற்றுப் பொருமலுக்கு ஓமத்தண்ணி. ஓமத்தில் உள்ள தைமோல்தான் அந்த உறைப்பு மணம். ஒரு தேக்கரண்டியை இரண்டு தம்ளரில் அவித்தால் போதும். வயிற்றோட்டத்துக்குச் சீனி போடாத பிளேன்ரீயில் தேசிக்காய் பிழிந்து கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். தேயிலையின் துவர்ப்பு ஓரளவு கட்டும். ஆனால் ஓட்டத்தில் ஆளை விழுத்துவது உடம்பிலிருந்து போகிற நீரும் உப்பும். அதற்கு ஜீவனி என்கிற உப்புச்சீனிக் கரைசல் பொட்டலம்தான் மருந்து, பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்.

ஆவரசம்பூத் தேத்தண்ணி சீனி வருத்தத்தை மாற்றுமா?

மாற்றாது. கொஞ்சம் இறக்கக்கூடும். சிக்கல் அங்கேதான் வருகிறது: சீனிக் குளிசையும் போட்டு, ஆவரசம்பூவும் குடித்து, காலைச் சாப்பாட்டையும் விட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், மயங்கியும் விழலாம். அதைவிட மோசம், பூவை நம்பிக் குளிசையை நிறுத்துவது. காய்ந்த பூ ஒரு சிட்டிகை, நாளுக்கு ஒரு பேணி என்றால் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள். பனங்கட்டியும் சீனிதான் என்பதை ஏனோ நம்மவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

செங்கமாரிக்கு (மஞ்சள்காமாலைக்கு) கீழ்க்காய்நெல்லி?

1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஈரலழற்சி பி கிருமியைக் காவுகிறவர்களுக்குக் கீழ்க்காய்நெல்லி கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கிடைத்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஈரலழற்சி ஏ வகைச் செங்கமாரி பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கும். அந்த நேரத்தில் மருந்து அரைத்தவருக்கும் பேர், மந்திரித்தவருக்கும் பேர். கண் மஞ்சளானால் முதலில் இரத்தம் சோதியுங்கள். பித்தப்பைக் கல்லாலும் கண் மஞ்சளாகும். அதை எந்த இலையும் கரைக்காது.

மூலிகையை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைதான் பிடுங்க வேண்டுமா? சாபநிவர்த்தி என்றால் என்ன?

மூலிகைகளுக்குச் சித்தர்களின் சாபம் இருக்கிறது, அதைத் தீர்க்காமல் பிடுங்கினால் பலிக்காது என்பது பழைய நம்பிக்கை. குளித்து, செடிக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, “உன் உயிர் உன் உடலிலேயே நிற்கட்டும்” என்ற பொருளில் ஒரு மந்திரம் சொல்லி, நகமோ இரும்போ படாமல், வேர் அறாமல் எடுப்பது முறை. பொழுதுபட்ட பிறகு செடியில் கைவைக்கக் கூடாது, அது நித்திரை கொள்கிறது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

எனக்கு இந்தச் சடங்கு பிடிக்கும். சாபத்தை நம்பாவிட்டாலும், இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிற இடத்தில் ஆள் செடியை நின்று பார்த்துத்தான் எடுப்பான். இருட்டில் கைக்கு வந்ததைப் பிடுங்கிச் சட்டியில் போடமாட்டான். வேலியோரத்தில் ஒரே மாதிரி இலையுள்ள செடிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது அது உயிரைக் காக்கிற வழக்கம்தான்.

நாவூறு கழித்தபின் பிள்ளைக்கு என்ன குடிக்கக் கொடுப்பது?

வழமையான சாப்பாடு. செத்தல் மிளகாய், உப்பு, வேப்பிலை எடுத்துத் தலையை மூன்றுமுறை சுற்றி அடுப்பில் போடுவார்கள். கமறல் வராவிட்டால் நாவூறு பட்டிருக்கிறது என்று அர்த்தம். போடுங்கள். தொய்வு உள்ள பிள்ளையை மட்டும் அந்தப் புகைக்குத் தூர வையுங்கள். அப்புறம் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள், காது நோகிறதா என்று கேளுங்கள், மூத்திரம் போனதா என்று பாருங்கள். சிணுங்குகிற பிள்ளைக்குப் பாதி நேரம் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

ஓதிய தண்ணீர் குடிக்கலாமா?

பார்வை பார்ப்பவர் செம்புத் தண்ணீரில் வேப்பிலையைத் தோய்த்து ஓதித் தருவார். முஸ்லிம்களும் ஓதி ஊதிய தண்ணீர் குடிப்பார்கள். கத்தோலிக்க வீடுகளில் மந்திரித்த தீர்த்தம் போத்தலில் இருக்கும். யார் ஓதினாலும் நான் கேட்பது ஒன்றைத்தான்: தண்ணீர் கொதித்தாறியதா? வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய் அதில் ஓதித் தரச் சொல்லுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். தண்ணீரில் திருநீறைத் தவிர வேறு ஏதாவது தூள் கரைத்தால், என்ன தூள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தலையில் தெளித்துவிட்டு வாருங்கள்.

வருசப்பிறப்பு மருத்துநீர் என்பதும் கசாயம்தானே? கொஞ்சம் குடித்தால் என்ன?

காய்ச்சும் முறையில் கசாயம்தான். ஆனால் அது வாய்க்கானது இல்லை, தலைக்கானது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. கோசலம் பசுவின் மூத்திரம், கோமயம் சாணம். குடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சித்திரைப் புதுவருசத்துக்குக் கோயிலில் ஐயர் காய்ச்சி வைப்பார். பேணியோ போத்தலோ கொண்டுபோய் வாங்கிவருவோம். சூரியன் மேட ராசிக்குள் போகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் நந்நான்கு மணி நேரம் புண்ணியகாலம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நேரத்தில் ஒத்துப்போவதில்லை. ஒரே ஒழுங்கைக்குள் ஒரு வீடு முழுகி முடிய மற்ற வீடு தொடங்கும். தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. எந்த இலை என்பதை அந்த வருசப் பஞ்சாங்கம் சொல்லும். வீட்டில் மூத்தவர் இளையவர்களின் தலையில் மருத்துநீரைத் தப்பிவிடுவார். அதன் பிறகுதான் கிணற்றடி.

இதற்குள் மருந்து எது, மந்திரம் எது என்று பிரித்துக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மஞ்சளும் துளசியும் தோலுக்கு நல்லதுதான், ஆனால் வருசத்தில் ஒருநாள் தலையில் ஒரு சிரங்கை தப்புவதால் எந்த வருத்தமும் நிற்கப்போவதில்லை. கண்ணுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் காயம் இருந்தால் அதில் பட விடாதீர்கள். கைக்குழந்தைக்கு உச்சியில் விரலால் தொட்டு வைத்தால் போதும்.

ஒருவரை வசப்படுத்தத் தேத்தண்ணியில் கலக்கிற மருந்து இருக்கிறதா?

இந்தக் கேள்வி சிரிப்போடுதான் வரும், ஆனால் அடிக்கடி வரும். கலியாணம் முடித்த பொடியன் தாயை மறந்துவிட்டால் “அவள் மருந்து போட்டிட்டாள்” என்று சொல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. இடுமருந்து என்ற பயம் பழையது. “பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்” என்ற பழமொழிக்கும் இந்தப் பயம்தான் அடி; மிளகு நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கை. முறிக்காது. ரசத்துக்கு நல்லது.

மனதை ஒருவர் பக்கம் திருப்புகிற செடி எதுவும் இல்லை. மயக்குகிற செடிகள் இருக்கின்றன. ஊமத்தை கொஞ்சம் உள்ளே போனாலே வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆள் பிதற்றத் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் வசியம் என்றும் பேய் என்றும் கதை கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஒருவருக்குத் தெரியாமல் எதையாவது குடிக்கக் கொடுப்பது நஞ்சூட்டுவதுதான்.

இதன் மறுபக்கம் “மருந்து எடுத்தல்”. இடுமருந்து வயிற்றில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லி, சத்தி வரும்வரை எதையாவது பருக்கி, வாளிக்குள் விழுந்த உருண்டையைக் காட்டுவார்கள். உருண்டை எங்கிருந்து வருகிறது என்பது காட்டுபவருக்குத் தெரியும். குடிக்கக் கொடுத்தது என்ன என்பது குடித்தவருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதிய எல்லாவற்றிலும் இதைத்தான் கடுமையாகச் சொல்வேன்: போகாதீர்கள்.

பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தண்ணி கொடுக்கலாமா?

தாய்க்குக் கொடுக்கலாம். மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி, மஞ்சள் எல்லாம் சமையல் சரக்குத்தான். கறியாக அரைத்துக் கொடுப்பதும் அதுவே. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பத்தியம் என்று மீனையும் மரக்கறியையும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போவதுதான் பிழை. பாலூட்டுகிறவளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கூடத்தான் வேண்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி, வெறுந்தண்ணீர் எதுவும் வேண்டாம். பிள்ளைவளர்ப்பான் என்கிற வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதை விடுங்கள். அதில் அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கண்ணூறு படாமல் வசம்பைக் கோத்துக் கையில் கட்ட ஆசையென்றால், பிள்ளை வாயில் வைக்காத வயதுவரை கட்டலாம். அந்த வயது சீக்கிரம் முடிந்துவிடும்.

கர்ப்பிணிகள்?

சத்திக்கு இஞ்சி போட்ட வெந்நீர், சமையல் அளவில். மற்ற எதையும் மருத்துவமாதுவிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலை அவித்துக் குடிக்கக் கொடுக்கலாமா?

கொப்பளிப்பானை அம்மாள் என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் மீன் இறைச்சி நிறுத்தி, ஆளைத் தனியே வைத்திருப்பது ஒரு காரியத்தை நன்றாகச் செய்கிறது: யாரும் உள்ளே வரமாட்டார்கள், வருத்தம் பரவாது. கடைசியில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முழுகுவதும் சரி. வேப்பிலை அவித்த நீரைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். வேப்பெண்ணெய் சிறு பிள்ளைகளுக்கு நஞ்சாகியிருக்கிறது. இளநீர் கொடுங்கள். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கு வந்தால், குறிப்பாகக் கர்ப்பிணிக்கு வந்தால், முதல் நாளே டொக்டரிடம் காட்டுங்கள். இதற்குக் கிருமியெதிர்ப்பு மருந்து இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் கொடுத்தால்தான் பலன்.

மாரி காலத்துக் காய்ச்சலுக்கு நிலவேம்பு?

மாரி மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினையுங்கள். நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குச் சேர்ந்த சித்த மருந்து. கைதடிச் சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் படித்த வைத்தியரிடம் கேட்டுக் குடிப்பதை நான் தடுக்கமாட்டேன். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அளவாக. அஸ்பிரின், இபுபுரூபன் கூடாது. சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள் என்று டொக்டர்மார் சொல்வார்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா குடித்ததா என்று தெரியாமல் போய்விடும். மல்லித்தண்ணியும் பிளேன்ரீயும் அந்தக் கணக்கில் வரும். காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுநோ, ஓயாத சத்தி, கைகால் குளிர்தல் இருந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுங்கள்.

எந்தச் செடி அடுப்பில் ஏறவே கூடாது?

ஊமத்தை, அலரி, கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கு, குன்றிமணி, எருக்கலை. இவற்றைச் சுத்திசெய்து மருந்தாக்கும் முறை சித்த வைத்தியத்தில் இருக்கிறது. அது வீட்டுக் குசினிக்கான வேலை இல்லை.

ஆஸ்பத்திரியில் கைமருந்து குடித்ததைச் சொன்னால் ஏசுவார்களே?

ஏசினால் ஏசட்டும், சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் இலையையோ சரக்குப் பொட்டலத்தையோ கையோடு கொண்டுபோங்கள். எப்போது குடித்தது, எத்தனை பேணி, வேறு என்ன குளிசை போட்டது என்று ஒரு துண்டில் எழுதினால் இன்னும் நல்லது. ஒப்பரேசன் இருந்தால் மயக்கமருந்து கொடுப்பவரிடமும் இதைச் சொல்ல வேண்டும். கையில் ஓதிக் கட்டிய நூலைக் கழற்றச் சொன்னால் கழற்றி அம்மாவிடம் கொடுங்கள். திரும்ப வந்து கட்டிக்கொள்ளலாம்.